அந்தக் கோடு எங்கேயிருந்து வந்தது?

"விடை சரியா வந்தா மட்டும் காணாது, படிமுறை வேணும்." இந்த வசனத்தைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் தரம் 11ஐத் தாண்டியிருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், ரியூஷனில் சொல்வார்கள், கணக்கோடு பெரிய பழக்கம் இல்லாத அப்பாமாரும் சொல்வார்கள். நியாயமான பேச்சுத்தான். சாதாரண தரக் கணித வினாத்தாளின் புள்ளித்திட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசி விடைக்கு உள்ளது அதில் ஒரு பங்குதான். சமன்பாட்டை அமைத்ததற்கு, பிரதியிட்டதற்கு, காரணம் எழுதியதற்கு என்று புள்ளிகள் படிகளுக்குள்ளேயே பரவிக் கிடக்கும். விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதில்லை. நானும் பிள்ளைகளிடம் இதைச் சொல்கிறவன்தான். ஆனால் கொஞ்ச நாளாக இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் சரிவராது என்று மனதில் கிடந்து உறுத்துகிறது. என் மருமகள் கேட்ட ஒரு கேள்விதான் அதற்குக் காரணம்.

அக்காவின் வீடு திருகோணமலை உப்புவெளியில். ரவுணில் கணக்குப்பிரிவில் எனக்கு வேலை. முடிந்து வரும்போது அங்கே இறங்கி ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, விறாந்தை மேசையில் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருப்பது வழக்கமாகிவிட்டது. அக்காவின் மகள், அதாவது அந்த மருமகள், ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பெடியனும் அதே வகுப்பு. வீட்டுவேலையை இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து செய்வார்கள். நான் கற்பிப்பதில்லை, அவர்கள் நிற்கிற இடத்தில் நானும் கொஞ்சம் நிற்பேன், அவ்வளவுதான். போனும் மேசையில்தான் இருக்கும். கணக்கைப் படம் எடுத்தால் படிமுறையோடு விடை தருகிற செயலிகள் இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கின்றன. அதைப் பறித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. கேட்க ஆள் இல்லாத வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்கு அது துணை.

பெருக்கம் 6 என்றால்

முதலில் அட்சரகணிதத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்று. (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2) = 0 என்று வந்தால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்: எக்ஸ் = 3 அல்லது எக்ஸ் = −2. சரி. அடுத்த கணக்கில் வலப்பக்கம் பூச்சியத்துக்குப் பதிலாக 6 இருந்தது. பெடியன் அதே வேகத்தில் எழுதினான்: எக்ஸ் − 3 = 6, ஆகவே எக்ஸ் = 9. எக்ஸ் + 2 = 6, ஆகவே எக்ஸ் = 4. படிமுறை இருக்கிறது, வரிசை இருக்கிறது, சமன் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வடிவாக நிற்கின்றன. போனைக் கேட்டால் விடை 4, −3 என்றது. 4 இரண்டு இடத்திலும் இருக்கிறதே என்று அவனுக்குக் குழப்பம். பாதி சரி என்று நினைத்துக்கொண்டான்.

எக்ஸுக்கு 9 ஐப் போட்டுப் பார் என்றேன். 6ஐயும் 11ஐயும் பெருக்க 66. 4 ஐப் போட்டால் 1 தர 6, அது 6. தற்செயலாக மற்றக் காரணி 1 ஆகிவிட்டதால் 4 தப்பிக்கொண்டது; அவன் எழுதிய படியால் வந்த சரி இல்லை அது. இரண்டு எண்களின் பெருக்கம் பூச்சியம் என்றால் ஒன்று கட்டாயம் பூச்சியமாக இருக்க வேண்டும். பெருக்கம் 6 என்றால் அப்படி எதையும் சொல்ல முடியாது. 2உம் 3உம் ஆகலாம், 12உம் அரையும் ஆகலாம், −6உம் −1உம் ஆகலாம். ஆகவே பூச்சியத்தை நாமே உண்டாக்க வேண்டும். விரித்து எழுதி 6 ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தால் எக்ஸ்² − எக்ஸ் − 12 = 0. காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 4)(எக்ஸ் + 3) = 0. இப்போது அந்தப் பழைய படி செல்லும்.

"அப்ப பூச்சியத்துக்கு மட்டும்தான் இந்த வேலை" என்றான் பெடியன். அவ்வளவுதான். அந்த ஒரு வசனம் அவனுடைய கொப்பியில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. போன் காட்டிய வரிகளிலும் இல்லை. அது வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. படிமுறை என்று நாம் கேட்பது வரிகளை. பிள்ளைகளும் வரிகளைத் தருகிறார்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக அனுமதி எங்கேயிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

கீறாமல் இருந்த கோடு

கேத்திரகணிதத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கணிதத்தின் இரண்டாவது வினாத்தாளில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வி, ஐந்துக்கு எழுதினால் போதும், ஒன்றுக்குப் 10 புள்ளி. இந்த ஏற்பாட்டினால் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. "நிறுவுக" என்று வருகிற கேள்வியைத்தான் பலர் அந்த விடுகிற கேள்வியாக வைத்துக்கொள்கிறார்கள். தரம் 10 தொடங்கும்போதே அந்த முடிவை எடுத்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தேற்றத்தைப் பாடமாக்கலாம், ஆனால் ஏறியைச் செய்ய முடியாது என்பார்கள். ஏறி என்றால் தேற்றத்தை வைத்து நிறுவுகிற கணக்கு. என் காலத்திலிருந்தே அந்தச் சொல்லைக் கேட்டாலே வகுப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

அன்றைக்கு மருமகளுக்கு வந்திருந்த வீட்டுவேலை இது. எளிதாக இருக்கட்டும் என்று புள்ளிகளுக்குத் தமிழ் எழுத்து வைக்கிறேன். கசத ஓர் இருசமபக்க முக்கோணி. கச, கத இரண்டும் சமன். கச என்ற பக்கத்தின் மேல் ப என்றொரு புள்ளி. கத என்ற பக்கத்தை த வுக்கு அப்பால் நீட்டி, அந்த நீட்டலில் ம என்றொரு புள்ளி. சப, தம இரண்டும் சமன். பம என்ற கோடு சத என்ற அடியை ந வில் வெட்டுகிறது. பந = நம என நிறுவ வேண்டும். வாசிக்கிறவர்கள் ஒரு துண்டுக் கடதாசியில் கீறிக்கொள்ளுங்கள், தயவுசெய்து. கீறாமல் கேத்திரகணிதம் வாசித்துப் பிரயோசனம் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுப் போனைக் கேட்டாள். பதில் உடனே வந்தது. அமைப்பு: ப வினூடாக கத வுக்குச் சமாந்தரமாக ஒரு கோடு கீறுக, அது சத வை ட வில் சந்திக்கட்டும். நிறுவல்: கோணம் படச = கோணம் கதச, ஒத்த கோணங்கள். கதச = கசத, இருசமபக்க முக்கோணி. ஆகவே பச = பட. ஆகவே பட = தம. பிறகு படந, மதந என்ற இரண்டு முக்கோணிகளில் ஒன்றுவிட்ட கோணங்கள் சமன், குத்தெதிர்க் கோணங்கள் சமன், ஒரு பக்கம் சமன், கோ.கோ.ப. (கோணம், கோணம், பக்கம்). இரண்டும் ஒருங்கிசையும், அதாவது ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தும். ஆகவே பந = நம. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் காரணம். பரீட்சையில் எழுதினால் முழுப் புள்ளி.

அவள் கொப்பியில் எழுதி முடித்தாள். மூடவில்லை. பேனையின் பின்பக்கத்தால் அந்தச் சமாந்தரக் கோட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, இதுக்குப் பிறகு வாற எல்லாம் எனக்கு விளங்குது. ஆனா இந்தக் கோட்டைக் கீறவேணும் எண்டு அதுக்கு எப்பிடித் தெரிஞ்சது? கேள்வியில இந்தக் கோடே இல்லையே."

அவள் கேட்டது போனைப் பற்றி. ஆனால் எந்த ரியூஷன் வகுப்பிலும் கரும்பலகையில் இதே வரிசையில்தான் எழுதப்படும். அமைப்பு முதலில் வரும், நிறுவல் பிறகு வரும். பாடநூலிலும் அப்படித்தான். எழுதுகிற ஒழுங்கு அதுதான், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்கிற ஒழுங்கு அது இல்லை. கரையில் கொட்டின மீனைப் பார்க்கிறவனுக்கு வலை எங்கே விழுந்தது, எத்தனை இடத்தில் வெறுமையாக வந்தது என்று தெரியாது. அவனுக்கு மீன் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் எங்கள் பிள்ளைகளுக்கு முடிந்த நிறுவலை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோடு வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும்போது, "எனக்கு இதெல்லாம் தோன்றாது, நான் கணக்குக்கு உதவாத ஆள்" என்று ஒரு பிள்ளை முடிவுகட்டினால் அதில் அதிசயம் என்ன?

பின்னாலிருந்து

கொப்பியைத் திருப்பி வைத்துவிட்டுப் புதுத் தாளில் படத்தை மட்டும் கீறச் சொன்னேன். சமாந்தரக் கோடு வேண்டாம். இப்போது முடிவிலிருந்து வருவோம். பந, நம சமன் என்று காட்ட வேண்டும். வழக்கமாகப் பக்கங்கள் சமன் என்று எப்படிக் காட்டுவோம்? ஒருங்கிசையும் இரண்டு முக்கோணிகளுக்குள் அவற்றை வைப்போம். அப்படியென்றால் பந எந்த முக்கோணியில் இருக்கிறது? சபந. நம? தமந. சரி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். சப = தம, தந்திருக்கிறார்கள். ந வில் குத்தெதிர்க் கோணங்கள் சமன். "இன்னும் ஒண்டு கிடைச்சாச் சரி" என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த இன்னொன்று கிடைக்காது. ச வில் உள்ள கோணம் கூர்ங்கோணம். த வில், தமந முக்கோணிக்குள் இருக்கிற கோணம் விரிகோணம். அடிக் கோணத்தின் மிகைநிரப்பு. இரண்டும் சேர்ந்தால் 180 பாகை வருமே தவிர, சமனாக வராது. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அந்த இரண்டு முக்கோணிகளும் ஒரே அச்சு இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் அவசரப்பட்டு "ஒருங்கிசையும்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். நாங்கள் அந்த இடத்திலேயே நின்றோம்.

என்ன குறை? சப சரியான நீளம், ஆனால் பிழையான பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதே நீளமுள்ள ஒரு கோடு ப விலிருந்து, தம போகிற திசைக்குச் சமாந்தரமாக நின்றிருந்தால் எல்லாம் பொருந்தியிருக்கும். "அப்ப அப்பிடி ஒண்டைக் கீறலாமே" என்றாள். கீறு. ப விலிருந்து கத வுக்குச் சமாந்தரமாகக் கீறினாள். அடியைத் தொட்ட இடத்துக்கு ட என்று பெயர் வைத்தாள். இனி ஒரு கேள்விதான் மிச்சம்: இந்தப் புதுக் கோட்டின் நீளம் சப வின் நீளம்தானா? பார்த்தாள். ட வில் உள்ள கோணம் த வில் உள்ள அடிக் கோணத்துக்குச் சமன், அது ச வில் உள்ளதற்குச் சமன். ஆகவே சபட இருசமபக்க முக்கோணி. முக்கோணி இருசமபக்கம் என்று கேள்வியில் ஏன் தந்தார்கள் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. போன் தந்த அதே கோடு, அதே இடத்தில். இந்த முறை அவளுக்குத் தேவைப்பட்டதால் வந்தது.

இந்தப் பின்னால் வருகிற வழி பழையது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த பப்பஸ் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். காண வேண்டியதைக் கண்டுவிட்டதாக வைத்துக்கொள், அதற்கு முன்னால் எது உண்மையாக இருந்திருக்க வேண்டும் என்று பார், அதற்கும் முன்னால் எது என்று பார், தெரிந்த ஒன்றில் வந்து முட்டும்வரை போ. பிறகு திரும்பி, அந்த வழியை முன்னோக்கி எழுது. இரண்டு வேலை இது. நாம் பிள்ளைகளிடம் இரண்டாவதை மட்டும் கேட்கிறோம், இரண்டாவதற்கு மட்டும் புள்ளி போடுகிறோம், முதலாவது எப்படியாவது அவர்களுக்குள் நடந்துவிடும் என்று நம்புகிறோம்.

அடுத்த கிழமை அவள் அதே கேள்வியை அட்சரகணிதத்தில் கேட்டாள். எக்ஸ்² + 10எக்ஸ் = 39. இரு பக்கமும் 25ஐக் கூட்டுக என்று முதல் வரி. "இந்த 25 எங்கயிருந்து வந்தது?" 10இன் பாதி 5, அதன் வர்க்கம் 25 என்ற சூத்திரம் அவளுக்குப் பாடம். அவள் கேட்டது அதையல்ல. இந்தச் சமன்பாடு 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி செய்து காட்டிய அதே கணக்கு. அவர் குறியீடு எதுவும் பாவிக்கவில்லை, எல்லாம் வசனத்தில் எழுதினார், கூடவே படமும் கீறிக் காட்டினார். படத்தை அவளிடமே கீறச் சொன்னேன். எக்ஸ் பக்கமுள்ள ஒரு சதுரம். 10எக்ஸை இரண்டாகப் பிரித்து, எக்ஸ் நீளமும் 5 அகலமும் உள்ள இரண்டு செவ்வகம். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கம் ஒட்டு, மற்றதைக் கீழே ஒட்டு. எல்லாம் சேர்ந்து பரப்பு 39. பார்த்தால் ஒரு பெரிய சதுரம், ஆனால் மூலையில் ஒரு துண்டு இல்லை. அந்தத் துண்டு 5 தர 5. அதைப் போட்டு நிரப்பினால் பெரிய சதுரத்தின் பரப்பு 39 + 25, அதாவது 64. பக்கம் 8. ஒட்டின 5ஐக் கழித்தால் எக்ஸ் 3. (−13உம் ஒரு விடைதான், ஆனால் பக்கத்தின் நீளம் மறையாக வராது என்பதால் அவருடைய படத்தில் அதற்கு இடமில்லை.) மூலையில் வெறுமையாக இருந்த இடத்தில் அவள் பென்சிலால் 25 என்று எழுதினாள். எழுதிவிட்டு, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தரம் 8. அவனுக்கும் விளங்கியது.

இதே காரணத்துக்காகத்தான் ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனபோது இரண்டு பேரையும் மலை விளிம்பின் மதிலோடு நிற்க வைத்தேன். கீழே கடலில் வள்ளங்கள். இறக்கக் கோணம் எங்கே என்றால், பெடியன் மலைச் சுவருக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் காட்டினான். கொப்பியிலும் அங்கேதான் குறிப்பான். நேரே அடிவானத்தைப் பார், இப்போது தலையைக் குனிந்து அந்த வள்ளத்தைப் பார், எவ்வளவு குனிந்தாய், அதுதான் கோணம் என்றேன். பிறகு அவன் அந்தப் படத்தைப் பிழையாகக் கீறவில்லை. கிடைக்கோட்டை முதலில் கீறுக என்று எத்தனை தரம் எழுதிக் கொடுத்தும் ஏறாத படி அது.

ஆசிரியர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பரீட்சைத் திகதி பின்னால் நின்று தள்ளுகிறது. தேடிக்கொண்டு நிற்க நேரம் எங்கே என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் கிழமைக்கு ஒரே ஒரு கணக்கு, ஆசிரியரும் முன்கூட்டிச் செய்து பார்க்காத கணக்கு, பிள்ளைகளின் முன்னால் பலகையில் தொடங்கட்டும். பிழையான முக்கோணிகளை ஒப்பிட்டுப் பார்த்து, இது வராது என்று சொல்லி, அதை அழிக்காமல் பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கட்டும். பெரியவர்களும் நின்று யோசிப்பார்கள் என்று பார்க்கிற பிள்ளை, தான் நிற்பதை ஒரு குறையாக நினைக்காது. வீட்டில் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: "செய்து முடிச்சிட்டியா?" என்று கேட்பதோடு "எங்க நிண்டது?" என்றும் கேளுங்கள். அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போனில் விடை பார்க்கிற பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: இதில் எந்த வரி உனக்குத் தானாக வந்திருக்காது? பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். மிச்ச நேரம் முழுவதையும் அந்த வரிக்குக் கொடுக்கலாம்.

அந்த இருசமபக்க முக்கோணியில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மருமகள் தன் கோட்டைக் கண்டுபிடித்த பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெடியன் தன் தாளைத் தள்ளி வைத்தான். அவன் சமாந்தரக் கோடு எதுவும் கீறவில்லை. ப விலிருந்து அடிக்கு ஒரு செங்குத்து, ம விலிருந்து அடியின் நீட்டலுக்கு ஒரு செங்குத்து. "ரெண்டும் ஒரே உயரம் எண்டு காட்டினாப் போதும் தானே?" என்றான். போதும்தான். ச வில் உள்ள கோணமும், த வுக்கு அப்பால் உள்ள குத்தெதிர்க் கோணமும் சமன், செங்கோணங்கள் சமன், சப = தம; ஆகவே செங்குத்துகள் இரண்டும் சமன். பிறகு ந வைச் சுற்றியுள்ள இரண்டு செங்கோண முக்கோணிகளை எடுத்தால் முடிந்தது. மருமகள் அவனுடைய தாளை இழுத்து வரி வரியாகப் பார்த்தாள், பிழை பிடிக்க முடியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, ம விலிருந்து கச வுக்குச் சமாந்தரமாகக் கீறினாலும் வருமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். வரும். நீங்களும் செய்து பாருங்கள்.